கீபோர்டு வாங்கிவிட்டேன், ரேவதி

தண்டையார்பேட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ரேவதி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. உன் வீட்டுக்காரர், பிள்ளைகள் சுகம்தானே?

சொந்தக் காசில் ஒரு கீபோர்டு வாங்கி ஆபீசில் போட்டுவிட்டேன். சிரிக்காதேடி. நம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ரெமிங்டன் மெஷினில் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் அடிக்கும்போது, எழுத்து விழுந்ததா இல்லையா என்று விரலுக்கே தெரியும். ஆபீஸ் கீபோர்டில் அது கிடையாது. உள்ளே ரப்பர், அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். ரப்பர் செத்துப்போனால் குத்து குத்தென்று குத்த வேண்டும். கிளியரிங் ஆபீசில் நாள் முழுக்க பில் ஆஃப் என்ட்ரிதான், இறக்குமதி சரக்குக்குக் கஸ்டம்ஸில் கொடுக்கிற விவரப் படிவம். கன்டெய்னர் நம்பர் என்றால் நாலு எழுத்து, ஏழு இலக்கம். சரக்கு என்ன வகை என்று சொல்கிற எச்.எஸ். கோடு எட்டு இலக்கம். ஒரு 3 விழாமல் போனால் திருத்தச் சொல்லி அமெண்ட்மென்ட் போட்டுக் காத்திருக்க வேண்டும். அதுவரை சரக்கு ஹார்பரில் கிடக்கும், பார்ட்டி போனில் கத்துவார்.

ரிச்சி தெருவில் கடை கடையாக அடித்துப் பார்த்துத்தான் எடுத்தேன். மெக்கானிக்கல். ஒவ்வொரு கீக்கும் தனித்தனி ஸ்பிரிங். கீ மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்குகிறது என்றால் 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடுகிறது. கீக்கு அடியிலிருக்கும் ஸ்விட்சில் நிறத்துக்கு ஒரு வகை. நீல ஸ்விட்ச் டக் டக்கென்று சத்தம் போடும், பக்கத்து சீட்டோடு சண்டைதான். பழுப்பில் சத்தம் குறைவு, விரலில் மட்டும் ஒரு சின்ன இடறல். கடைப் பையன், வலது பக்கம் இலக்கங்களுக்கென்று இருக்கும் நம்பர் பேட் இல்லாத குட்டிக் கீபோர்டைத் தலையில் கட்டப் பார்த்தான். 5-ன் மேலிருக்கும் மேட்டைத் தொடாமல் என் வலது கைக்கு வேலை ஓடுமா? தமிழ்99 முறையில் தமிழ் அடிக்க முடியுமா என்று நீ கேட்பாய். தாராளமாக. அது இருப்பது கம்ப்யூட்டருக்குள், எந்தக் கீபோர்டை மாட்டினாலும் 'க'வை இரண்டு தரம் தட்டினால் 'க்க' வரும்.

மானேஜர்தான் முகம் சுளித்தார். "ஆபீஸ்ல குடுத்தது போதாதா?" சிஸ்டம் பார்க்கும் தம்பி சொன்னதிலாவது நியாயம் இருந்தது. கீபோர்டு என்று சொல்லிக்கொண்டு தானாகவே கட்டளை அடிக்கிற திருட்டு யு.எஸ்.பி. எல்லாம் இருக்கிறதாம். அவனே சோதித்து, வயர் உள்ளது என்பதால் சரி என்று ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டான். மானேஜருக்குத்தான் மனசு ஆறவில்லை. உங்கள் அப்பா ஹார்பருக்குப் போகும்போது மூட்டைக் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு போவாரே, அதை யாருக்காவது இரவல் கொடுத்திருக்கிறாரா? கை நம்முடையது, வலியும் நம்முடையது. கையில் பிடிக்கிற சாமானுக்கு மட்டும் ஏன் இன்னொருவரிடம் கெஞ்ச வேண்டும்? எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

இப்போது உன் கைக்கு வருகிறேன். ராத்திரியில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போகிறது, சுண்டு விரலுக்கு ஒன்றுமில்லை, கையை உதறினால் சரியாகிறது என்று போனில் சொன்னாய். எனக்குத் தூக்கமே போய்விட்டது. மணிக்கட்டில் நரம்பு நசுங்கினால் அப்படித்தான் வருமாம். அது கீபோர்டு மாற்றினால் தீருகிற சமாச்சாரம் இல்லை. தைலம் தேய்த்துக்கொண்டு நாளைக் கடத்தாதே. நாள்பட விட்டால் கட்டைவிரல் சதை சூம்பிப் பிடிமானமே போய்விடும்.

லீவு போட்டுவிட்டு வா. இங்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்தது. எழும்பூரில் இறங்கி மெட்ரோ ஏறு, சென்ட்ரலில் மாறினால் நேராகத் தண்டையார்பேட்டை. மறுநாள் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடலாம். பழைய பிரிஸ்கிரிப்ஷன் எல்லாம் எடுத்துக்கொண்டு வா. சுகர் டெஸ்ட் ரிப்போர்ட் இருந்தால் அதையும். என்றைக்கு டிக்கெட் என்று உடனே சொல்.

உன்,
செல்வி