ஒரு எக்ஸ்பிக்காக ஆபீஸ் முழுவதையும் திறந்து வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைவிட்டதிலிருந்து உங்கள் வாசகர் பக்கத்தில் பழைய கம்ப்யூட்டர் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்னும் விண்டோஸின் பழைய பதிப்பான எக்ஸ்பி வைத்து ஓட்டுகிறவர்கள் எல்லாம் கஞ்சர்கள், காசை எடுத்துப் புதிது வாங்க மனசில்லாதவர்கள் என்கிற மாதிரி ஒருவர் எழுதியிருந்தார். சரி, அவர் ஊரில் அப்படி இருக்கலாம். நான் கம்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், லோயர் கேம்ப் வழியாக மலையேறிக் கேரளப் பக்கம் குமுளி, அணக்கரை, வண்டன்மேடு வரை போய் வேலை பார்க்கிறவன். அந்தப் பக்கத்து நிலவரத்தைக் கொஞ்சம் சொல்கிறேன்.

குமுளியில் மலஞ்சரக்குக் கடை என்றால் ஏலக்காய், மிளகு, காப்பிக்கொட்டை வாங்கி விற்கிற கடை. அதன் பின்கட்டில், சாக்கு அடுக்கியிருக்கும் இடத்தில், தூசி படிந்த ஒரு எக்ஸ்பி கம்ப்யூட்டர் இருக்கும். எலக்ட்ரானிக் தராசிலிருந்து வரும் கேபிள் அதன் முதுகில் ஒன்பது பின் சீரியல் போர்ட்டில் திருகி மாட்டியிருக்கும், பக்கத்துப் போர்ட்டில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், மூன்று காப்பி கார்பன் தாள். மூட்டையைத் தராசில் வைத்தால் எடை நேராகத் திரையில் விழும், எட்டு எம்எம் காயா, ஏழா, உடைசலா என்று ஒரு கட்டையை அமுக்கினால் சீட்டு அடித்து வந்துவிடும். இந்த புரோகிராமை எழுதிக் கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கடைக்காரருக்கே தெரியாது. புதுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அந்தப் போர்ட் கிடையாது. யூஎஸ்பி கன்வர்ட்டர் கேபிள் போடலாம்தான், ஆனால் மலிவாக வருகிற கன்வர்ட்டர்களில் பலவற்றைப் புதிய விண்டோஸ் டிரைவர் ஏற்காமல் மஞ்சள் முக்கோணத்தைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினாலும் அந்தப் பழைய புரோகிராம் புது விண்டோஸில் எழுந்து உட்கார வேண்டுமே. இதில் கஞ்சத்தனம் எங்கே வந்தது?

இதே கம்ப்யூட்டர் முன்பு தனியாகத்தான் கிடந்தது, யாருக்கும் தொந்தரவில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, 2018 ஏப்ரலிலிருந்து மாநிலம் தாண்டும் சரக்குக்கு ஆன்லைனில் போடுகிற இ-வே பில் வந்தது. குமுளியில் ஏற்றிப் போடிக்கு இறக்குகிற சரக்கு ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் பில் இல்லாமல் வண்டி நகராது, ஏலக்காய் விற்கிற விலைக்கு ஐம்பதாயிரம் எல்லாம் சில மூட்டையிலேயே வந்துவிடும். அந்த பில்லை எக்ஸ்பியில் போட முடியாது, அதிலுள்ள பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு இன்றைய பாதுகாப்பான வெப்சைட்டுகளைத் திறக்கத் தெரியாது. ஆக, எடை பின்கட்டு எக்ஸ்பியில், பில் முன்கட்டுப் புது மெஷினில். நடுவில் ஒரு ஷேர் டிரைவ், அதாவது இரண்டு மெஷினும் திறக்கிற பொது ஃபோல்டர் வேண்டும். இல்லாவிட்டால் பையன் பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு முன்னும் பின்னும் நடக்க வேண்டும், வைரஸும் அவனோடு சேர்ந்து நடக்கும்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். ஒரு கம்ப்யூட்டரின் ஃபோல்டரை இன்னொன்று திறப்பதற்கு விண்டோஸ் எஸ்எம்பி என்ற முறையைப் பயன்படுத்துகிறது. அது 1980-களில் ஐபிஎம்மில் பிறந்தது. எக்ஸ்பிக்குத் தெரிந்தது அதன் முதல் பதிப்பு மட்டும்தான், விஸ்டாவிலிருந்து இரண்டாம் பதிப்பு, விண்டோஸ் 8-லிருந்து மூன்றாம் பதிப்பு. 2017 இலையுதிர் காலத்தில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 என்ற அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் முதல் பதிப்பைக் கழற்ற ஆரம்பித்தது. ஹோம், புரோ மெஷின்களில் அது மிச்சமிருந்தாலும், கம்ப்யூட்டர் ஓடுகிற நேரத்தில் மொத்தம் 15 நாள் அதை யாரும் தொடவில்லை என்றால் தன்னைத்தானே நீக்கிக்கொள்ளும். இதனால் நடக்கிற கூத்தைக் கேளுங்கள். ஏலக்காய் சீசன் முடிந்து பங்குனி, சித்திரையில் அந்த ஷேரை ஒருவரும் திறக்க மாட்டார்கள். ஆடி கடைசியில் காய் வர ஆரம்பித்ததும் திறந்தால், நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்று 80070035-இல் முடியும் ஒரு எண்ணோடு பெட்டி வந்து நிற்கும். போன சீசனில் நன்றாக வேலை செய்தது, நாங்கள் ஒன்றையும் தொடவில்லை என்று சத்தியம் பண்ணுவார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான்.

உடனே போன் போடுவார்கள், சர்வீஸ்காரர் வருவார். என் தொழில்காரர்களைப் பற்றித்தான் சொல்கிறேன், கோபப்பட்டால் படட்டும். வந்தவர் கண்ட்ரோல் பேனலைத் திறந்து விண்டோஸ் ஃபீச்சர்ஸில் எஸ்எம்பி ஒன்றுக்கு, அதாவது அந்த முதல் பதிப்புக்கு, டிக் அடிப்பார். ஆபீஸிலுள்ள அத்தனை மெஷினிலும் அடிப்பார். அப்படியும் வராவிட்டால் ஃபயர்வாலை ஆஃப் பண்ணுவார், ஷேரில் 'எவ்ரிஒன்' போட்டு 'ஃபுல் கண்ட்ரோல்' கொடுப்பார், பாஸ்வேர்டு கேட்பதையும் நிறுத்துவார். ஷேர் திறந்துவிடும், காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார், எல்லோருக்கும் சந்தோஷம். காது மந்தமான தாத்தா ஒருவருக்காகத் தெருவே ரகசியத்தைக் கத்திப் பேசுகிற கதை இது.

எஸ்எம்பி ஒன்றை நிறுத்துங்கள் என்று மைக்ரோசாஃப்டிலேயே அந்த வேலையைக் கவனித்த நெட் பைல் 2016 செப்டம்பரில் எழுதிவிட்டார். அதிலிருந்த ஓட்டைக்கு 2017 மார்ச் 14-இல் அதை அடைக்கிற பேட்ச் வந்தது. போடாமல் விட்டவர்களைத் தேடி மே 12-இல் வானாக்ரை என்ற வைரஸ் கிளம்பியது. ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டு 300 டாலருக்குப் பிட்காயின் கேட்டது. வெளிநாட்டு ஆஸ்பத்திரிச் செய்தி என்று நம் ஆட்கள் நினைத்துக்கொண்டிருக்க, வயநாட்டில் தரியோடு பஞ்சாயத்து ஆபீஸ் மெஷின்கள் மாட்டின, பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்தில் மாட்டின, அந்தப் பக்கம் ஆந்திர போலீஸ் கம்ப்யூட்டர்கள் சிலவும் மாட்டின. இன்னொன்று கவனியுங்கள்: உலகம் முழுக்க அதில் சிக்கியவற்றில் பெரும்பாலானவை எக்ஸ்பி இல்லை, விண்டோஸ் 7. பழையதைச் சமாளிக்கிறோம் என்று எஸ்எம்பி ஒன்றைத் திறந்து வைத்தால் அடி வாங்குவது எக்ஸ்பி மட்டுமில்லை, முன்கட்டில் இருக்கும் கணக்கு மெஷினும் சேர்ந்துதான்.

அப்புறம் என்னதான் செய்வது? நான் செய்வது இது. கடையில் எங்கேயாவது சும்மா கிடக்கிற இன்னொரு பழைய டெஸ்க்டாப்பை எடுத்து, இரண்டு லேன் கார்டு போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏற்றி நடுவில் வைக்கிறேன். ஒரு கார்டிலிருந்து ஒரே ஒரு கேபிள், அது நேரே எக்ஸ்பிக்குப் போகிறது. நடுவில் நெட்வொர்க் கேபிள்களைச் சேர்க்கிற ஸ்விட்ச் கிடையாது, இன்டர்நெட் கிடையாது. இன்னொரு கார்டு ஆபீஸ் ஸ்விட்சுக்கு. நடுப்பெட்டி எக்ஸ்பியின் எடை ஃபோல்டரைப் பழைய முறையில் திறந்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை புது ஃபைல்களைத் தன் டிஸ்க்குக்கு நகல் எடுத்துக்கொள்ளும். அந்த நகலை சாம்பா என்ற லினக்ஸ் புரோகிராம் வழியாக எஸ்எம்பியின் இரண்டாம், மூன்றாம் பதிப்பில் மட்டும் மற்ற மெஷின்களுக்குக் காட்டும். 2019-இல் வந்த சாம்பா 4.11-லிருந்து முதல் பதிப்பு தானாகவே அணைந்துதான் வருகிறது, அதை அப்படியே விட்டால் போதும். லினக்ஸில் எக்ஸ்பியின் ஷேரை இணைக்கும்போது மட்டும் பதிப்பு 1.0 என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும், 2017-க்குப் பிந்தைய கெர்னல்கள் (லினக்ஸின் உட்கரு) சொல்லாவிட்டால் புதிய பதிப்பில்தான் முயலும், எக்ஸ்பிக்கு அது புரியாது. ஒரு கார்டில் வருவதை இன்னொரு கார்டுக்குக் கடத்திவிடுகிற ஐபி ஃபார்வர்டிங்கை மட்டும் ஆன் பண்ணவே கூடாது, பண்ணினால் இவ்வளவு பாடும் வீண்.

எக்ஸ்பி பக்கம் ஒரு சின்ன வேலை உண்டு. எக்ஸ்பி புரோவில் ஃபோல்டர் ஆப்ஷன்ஸின் கடைசி வரியில் 'சிம்பிள் ஃபைல் ஷேரிங்' என்று இருக்கும், அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும். அது இருக்கும்வரை யார் எந்தப் பெயரில் வந்தாலும் எக்ஸ்பி அவரை கெஸ்ட் என்றுதான் உள்ளே விடும். டிக்கை எடுத்துவிட்டு, நடுப்பெட்டிக்கென்று ஒரு யூசர், ஒரு பாஸ்வேர்டு, படிக்க மட்டும் அனுமதி.

நடுப்பெட்டி எல்லாம் வேண்டாம், நேராக நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் மாட்டுகிற டிஸ்க் பெட்டி) இணைத்துக்கொள்கிறேன் என்பவர்கள், நாஸில் ஃபைல் அனுப்புகிற எஃப்டிபி முறை இருக்கிறதா பாருங்கள். எக்ஸ்பியில் கமாண்டுகளை வரிசையாக ஓட்டுகிற ஒரு சிறு பேட்ச் (batch) ஃபைல் எழுதினால் எடைச் சீட்டை அது தள்ளிவிடும். எஃப்டிபியும் பழசுதான், பாஸ்வேர்டு பச்சையாகப் போகும், ஆனால் ஒரு ஃபோல்டரில் எழுத மட்டும் தெரிந்த யூசராக இருந்தால் நஷ்டம் அந்த ஃபோல்டரோடு நிற்கும். பழைய ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் பண்ணி ஷேரில் போடுகிற வக்கீல் ஆபீஸ், பத்திரம் எழுதுகிற ஆபீஸ்களுக்கும் இதே வழிதான்.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களும் எக்ஸ்பி கணக்கிலேயே தங்களைச் சேர்த்துக்கொண்டு எஸ்எம்பி ஒன்றைத் திறந்துவிடுகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை, விண்டோஸ் 7-க்கு 2.1 தெரியும். புது விண்டோஸ் 11 புரோவோடு, அதாவது 24எச்2 என்ற அப்டேட் வந்த பிறகு, அது சேராமல் போனால் பெரும்பாலும் காரணம் பாஸ்வேர்டு இல்லாத ஷேர். விண்டோஸ் 11 இப்போது ஒவ்வொரு இணைப்பிலும் டிஜிட்டல் கையெழுத்து கேட்கிறது, கெஸ்டாக வருபவனால் கையெழுத்துப் போட முடியாது. ஒரு யூசரும் பாஸ்வேர்டும் வைத்தால் முடிந்தது. இதற்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைத்து கெஸ்டை அனுமதிக்கச் சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள்.

நகல் எடுப்பது சில இடங்களில் நின்றுபோகும், காரணம் தேடினால் மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரி செத்திருக்கும். கரண்ட் போய் வந்ததும் எக்ஸ்பியின் தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும், புதிதாக அடித்த சீட்டு பழைய ஃபைலாகத் தெரியும், நகல் எடுக்கிற புரோகிராம் அதைத் தாண்டிப் போய்விடும். இடுக்கிப் பக்கம் துலாம் (ஐப்பசி) மாத இடியில் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று எழுத வேண்டியதில்லை. நாணயம் அளவு பேட்டரியை மாற்றிவிட்டுத் தேதியைச் சரிசெய்தால் போதும்.

இன்னொரு புகாரும் அடிக்கடி வரும். ஷேர் வழியாக வந்த ஃபைலில் எழுத்தெல்லாம் கெட்டுவிட்டது, நெட்வொர்க் கெடுத்துவிட்டது என்பார்கள். நெட்வொர்க் ஒன்றும் செய்யவில்லை. பழைய மெஷினில் தமிழுக்கு பாமினி, மலையாளத்துக்கு எம்எல்-டிடி கார்த்திகா என்று ஃபாண்ட் போட்டு அடித்தது, புதிதில் அந்த ஃபாண்ட் இல்லை. ஃபாண்டை ஏற்றினால் வந்துவிடும், யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.

லினக்ஸ் என்றதும் நம் பக்கத்துக் கடைக்காரர்கள் பயப்படுவார்கள். குமுளியில் அந்தப் பயம் குறைவு, ஏனென்றால் கேரள அரசுப் பள்ளிகளில் ஐடி பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், நகல் நின்றுவிட்டால் இந்தக் கமாண்டை அடியுங்கள் என்று எழுதிக் கொடுத்தால், இது எனக்குத் தெரியுமே சேட்டா என்று அடித்துக் காட்டிவிடுகிறார்.

தராசு விற்கிற கம்பெனிகளையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எடையை வாங்கி ஒரு சாதாரண ஃபைலில் எழுதுகிற வேலைக்குப் புது விண்டோஸில் ஓடும் புரோகிராம் கேட்டால், தராசையே மாற்றச் சொல்கிறார்கள். முத்திரை போட்டு ஒழுங்காக நிறுக்கிற தராசை எதற்காக மாற்ற வேண்டும்?

கடைசியாக ஒன்று, இதை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யுங்கள். அந்த எக்ஸ்பியின் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே முழுசாக ஒரு நகல் எடுத்து வையுங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் பட்டை கேபிள் போட்ட ஐடிஇ டிஸ்க், அது போனால் புதிதாக வாங்கக் கிடைக்காது, புரோகிராமின் சிடியும் உங்களிடம் இருக்காது. நகலை எடுத்து இன்னொரு டிஸ்க்கில் போட்டு, அதிலிருந்து மெஷின் எழுந்து தராசு எடை காட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, டிஸ்க்கைக் கவரில் சுற்றிப் பீரோவில் வையுங்கள். சீசன் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்தால் ஒரு மத்தியானத்து வேலை.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் ஒருவர்,
கம்பம், தேனி மாவட்டம்