செங்கடலில் அடைப்பு, திருப்பூரில் தவிப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

உலக வணிகச் சரக்கில், அளவில் பார்த்தால், சுமார் 80 சதவீதம் கடல் வழியாகத்தான் போகிறது. ஆனால் கப்பல் எங்காவது தரைதட்டினால்தான் நமக்குச் செய்தி.

2023 இறுதியில் செங்கடலில் ஏமன் கிளர்ச்சிப் படையான ஹூதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், பெரிய கன்டெய்னர் கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. ஐரோப்பாவுக்குப் பத்து நாள்வரை கூடுதல் பயணம். வாடகையும் எகிறியது. தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறும் பனியன் பெட்டி சீசனுக்குள் போய்ச் சேராவிட்டால், வாங்குபவர் தள்ளுபடி கேட்பார். இல்லையென்றால் விமானத்தில் அனுப்பச் சொல்வார். அதோடு லாபம் போச்சு. இந்தக் கணக்கெல்லாம் திருப்பூர்க்காரர்களுக்கு அத்துப்படி.

அப்புறம், மாலுமிகள். 2020 கொரோனா காலத்தில் ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்ப முடியாமல் சுமார் 4 லட்சம் பேர் கப்பல்களிலேயே கிடந்தார்கள். அவர்களுக்கு யாரும் கைதட்டியதாக நினைவில்லை. சமையல் எண்ணெயும் எரிவாயுவும் மட்டும் வந்துகொண்டே இருந்தன.

உங்கள் வணிகப் பக்கத்தில் தங்கம் விலைக்குப் பக்கத்திலேயே கன்டெய்னர் வாடகை நிலவரத்தையும் வாரம் ஒருமுறை போடலாமே?

— வாசகர், திருப்பூர்