வேலை போனால் எங்கே விண்ணப்பிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலையிழந்தவர்களுக்கு ஆலோசனை சொல்லி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். வேலை போன கையோடு வேலையின்மைக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டுமாம். எங்கே ஐயா விண்ணப்பிப்பது? இலங்கையில் அப்படியொரு கொடுப்பனவே இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ரொறன்ரோவில் இருக்கும் என் அக்காவுக்கு அந்த ஆலோசனை சரி. அங்கே சம்பளத்தில் காப்புறுதிக்குக் கழிக்கிறார்கள், ஆட்குறைப்பில் வேலை போனால் சராசரிச் சம்பளத்தில் 55 வீதமளவில் கிடைக்கும். பத்திரிகை விற்பது வன்னியில்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மெஷினில் இருந்தவள். மகனுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் நின்றதற்காக என்னை நிப்பாட்டினார்கள். ஐந்து வருடம் முடிய இன்னும் கொஞ்ச மாதம்தான் இருந்தது. முடிந்திருந்தால், வேலை செய்த வருடங்களுக்கான மொத்தக் காசான பணிக்கொடையைத் தந்திருக்க வேண்டும். அலுவலக அறையில் ஒரு தாளை நீட்டி, கையொப்பம் வைக்கும் இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்கள். முழுக்கச் சிங்களம். நானாகவே விலகுகிறேன் என்று எழுதியிருப்பதாகப் பக்கத்தில் நின்ற பிள்ளை மெதுவாகச் சொன்னாள். தமிழில் தாருங்கள் என்றேன். “வைச்சால்தான் மற்றப் பேப்பர் எல்லாம் தருவம்” என்றார்கள். நான் வைக்கவில்லை. என் பெயரில் கம்பனி கட்டிவந்த ஊழியர் நம்பிக்கை நிதியக் காசை எடுக்கும் படிவம் இன்னும் அவர்களின் ஒப்பத்துக்குக் காத்திருக்கிறது. ஓய்வுகாலத்துக்கான ஊழியர் சேமலாப நிதியோ பெண்களுக்கு 50 வயதில்தான் கிடைக்கும். அதுவரை பிள்ளைகள் எதைச் சாப்பிடுவது?

1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் வந்து தமிழும் அரசகரும மொழியானது. அப்புறம் ஏன் எங்கள் வயிற்றுப் பிழைப்பைத் தீர்மானிக்கிற தாள் மட்டும் எங்களுக்கு விளங்காத மொழியில் வருகிறது?

கிராம சேவகரிடம் போனால் அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பற்றிச் சொல்கிறார். அது குடும்பத்தின் நிலையைப் பார்த்துத் தருவது. நேற்று வேலை போனதென்று இன்று தரமாட்டார்கள். போர் முடிந்தபோது எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து இதே கதைதான். முதலில் கோழிக்குஞ்சு தந்து சுயதொழில் செய்யச் சொன்னார்கள். பிறகு நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்றார்கள். கடனை அடைக்கத்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் விடியமுன் கம்பனி பஸ் ஏறினார்கள். வன்னிக்கு வேலைவாய்ப்பு வந்தது என்று அப்போது உங்கள் பத்திரிகையும் படத்தோடு போட்டது. வேலை பறிபோன எங்களைத் தேடி ஒரு செய்தியாளரும் வரவில்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை, மனம் நொந்து எழுதுகிறேன்.

15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் ஆளைக் குறைக்க முடியாது என்று 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஒழுக்காற்றுக் காரணமென்றால் அதை எழுத்தில் தர வேண்டும். வேலைநீக்க முறைப்பாட்டை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போவதென்றால் வேலை போய் 6 மாதத்துக்குள் போக வேண்டும். இதெல்லாம் தொழில் திணைக்களத்தில் ஒரு தங்கச்சி பொறுமையாகச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என்னோடு நின்றவர்களில் பலர் தாளில் ஒப்பம் வைத்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு, அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், இந்த 6 மாதக் கெடுவையும், விளங்காத தாளில் ஒப்பம் வைக்க வேண்டாம் என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தருமபுரம், கிளிநொச்சி.