எங்க மேட்டுல மரம் நட வந்தவங்களுக்கு

வணக்கம்ங்க. போன மாசம் ரெண்டு பஸ்ஸுல வந்து மன்னவனூருக்கு மேல இருக்குற மேட்டுல குழி தோண்டி சில்வர் ஓக் கன்னு வச்சிட்டுப் போனீங்கள்ல, அன்னைக்கு நான் கீழ பூண்டுக் காட்டுல நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நல்லது பண்ணணும்னுதான் அவ்வளவு தூரம் வந்தீங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா "மொட்டையா கெடக்கு"ன்னு நீங்க பேசிக்கிட்ட அந்த எடம் மொட்டை இல்லைங்க, புல்வெளி. பள்ளத்துல சோலைக் காடு, மேட்டுல புல்லு, பல்லாயிரம் வருஷமா கொடைக்கானல் இருக்குற இந்தப் பழனி மலைத்தொடர் இப்படித்தான் இருக்கு, நீலகிரியும் அப்படித்தான்.

மறுநாள் மேல போய்ப் பாத்தேன். நீங்க கடப்பாரை போட்ட எடத்துல மூணு குறிஞ்சிச் செடி வேரோட பேந்து கெடந்துச்சு. 2018ல பூத்து விழுந்த வெதையில மொளச்சது, 2030ல பூக்க வேண்டியது. மனசு கேக்கவே இல்ல.

அடுத்த தடவ வந்தா கொஞ்ச நேரம் தரையில உக்காந்து பாருங்க. ஒரு புல்லுத் தூர வெலக்கிட்டு உள்ள கைய விட்டா கறுப்பு மண்ணு பஞ்சு மாதிரி இருக்கும், மழை விட்டு பல நாள் ஆனாலும் வெரல்ல ஈரம் ஒட்டும். அந்த ஈரந்தான் சொட்டு சொட்டா எறங்கி ஓடையாகுது, வடக்குச் சரிவுல ஓடுறது அமராவதிக்குப் போய்ச் சேருது. அந்தப் புல்லுக்கு நடுவுலயே இலையில பசைத் துளி மினுங்க பூச்சி புடிக்கிற குட்டிச் செடி ஒண்ணு நிக்கும், காலு பட்டா நசுங்கிடும், பாத்து நடக்கணும்.

எங்கப்பாவும் மரம் நட்டவர்தான். கூலிக்குப் போய் இந்த மேட்டுலயே வாட்டில்ங்கற வெளிநாட்டு மரத்த நட்டாரு, தோல் பதம் பண்ண பட்டை வேணும்னு அப்ப அரசாங்கமே நட்டுச்சு, அதோட பைனு, தைல மரம். நாப்பது வருஷத்துல பழனி மலைப் புல்வெளியில மூணுல ரெண்டு பங்கு போயிடுச்சுன்னு 2018ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது, சாட்டிலைட் படத்த வச்சுப் பாத்தது. அதுல எங்க காடு கழனிக்கும் பங்கு இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன்.

உங்ககிட்ட கேக்குறது ஒண்ணுதான். நட வராதீங்க, புடுங்க வாங்க. மழை பேஞ்சு மண்ணு எளகி இருக்கும்போது முழங்கால் ஒசர வாட்டில் கன்னு கையாலயே வேரோட வந்துடும், வெறும் தண்டை ஒடிச்சு விட்டா திரும்ப தழைச்சிடும். அதோட வெதை மண்ணுக்குள்ள பல பத்து வருஷம் உயிரோட கெடக்கும், தீ பட்டா மொத்தமா மொளைக்கும், அதனால குப்பையக் கூட மேல கொளுத்தாதீங்க. பழைய வாட்டில் மரத்துக்கு அடியில சோலைக் கன்னு வந்திருந்தா அந்த மரத்தத் தொடாம விட்ருங்க, அது நெழல்ல சோலை வளரட்டும். ஒரு வருஷம் புடுங்குனா தீராது, வருஷா வருஷம் வரணும்.

நீங்க வச்ச கன்னுல முப்பத்தஞ்ச நானே மண்ணோட பேத்து எடுத்து எங்க வீட்டுக்குப் பின்னாடி நெழல்ல வச்சு தண்ணி ஊத்திட்டு இருக்கேன். வரும்போது எடுத்துட்டுப் போங்க, உங்க ஊர்ல எடம் இருக்கும்.