நோட்டீஸ் காலம் இரு தரப்புக்கும் ஒன்றாக இருக்கட்டும்

சென்னை மென்பொருள் நிறுவனங்களின் மனிதவளத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். பதினோரு வருடமாக ஓ.எம்.ஆர். சாலை நிறுவனங்களில் மென்பொருள் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு புது நிறுவனத்தின் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வந்தது. சம்பளம், பதவி எல்லாம் பேசியபடியே இருந்தன. ஏழாம் பக்கத்தில் நோட்டீஸ் பீரியட் பற்றி மூன்று வரி. நான் விலகினால் 90 நாள் வேலை செய்ய வேண்டும். நிறுவனம் என்னை அனுப்பினால் 30 நாள் போதும். மீதி நாட்களுக்குப் பணம் கட்டிவிட்டு முன்னதாகக் கிளம்பலாமா என்பது முழுக்க நிறுவனத்தின் விருப்பம்.

எச்.ஆரில் பேசிய பெண்ணிடம் கேட்டேன். "எல்லாருக்கும் இதே ஃபார்மட்தான் சார், மாத்த முடியாது" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த வரிகளை எழுதியவர் அவரல்ல. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த 90 நாளை நான் ஒருமுறை அனுபவித்திருக்கிறேன். முந்தைய நிறுவனம் ஒன்றில் ராஜினாமா கொடுத்த மூன்றாவது வாரமே கே.டி., அதாவது வேலையை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்து ஒப்படைப்பது, முடிந்துவிட்டது. டெஸ்ட் கேஸ்களை எல்லாம் எழுதி, என் இடத்துக்கு வந்த தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தாயிற்று. அப்புறம் வேலையே இல்லை. காலையில் கார்டைத் தேய்த்து உள்ளே போய், மாலை வரை உட்கார்ந்திருப்பேன். மீதி நாட்களுக்குப் பணம் கட்டிவிட்டுப் போக (பை-அவுட்) கேட்டேன், மறுத்தார்கள். என்னை எடுத்த நிறுவனம் 45 நாள் காத்திருந்துவிட்டு வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டது. எழுபதாம் நாள் மேனேஜர் முன்னால் நின்று, ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "உங்க இடத்துக்கு ஆள் வந்தாச்சே" என்றார். 90 நாள் முடிந்தபோது கையில் முறைப்படி விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டர் இருந்தது, வேலை இல்லை. வேலை இல்லாத அடுத்த இரண்டு மாத இ.எம்.ஐ.யை என் மனைவியின் வளையல்களை அடகு வைத்துக் கட்டினோம்.

வேலையை ஒப்படைக்க அவகாசம் வேண்டும் என்பீர்கள். சரி, வேண்டும்தான். அதே அவகாசம் எங்களுக்கும் வேண்டாமா? நீங்கள் அனுப்பிவிட்டால் இன்னொரு வேலை தேட 30 நாள் யாருக்குப் போதும்? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமில்லாமலும், குறைந்தது ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தராமலும் நீக்கக் கூடாது என்கிறது. அந்தக் குறைந்தபட்சத்தோடு உங்கள் கடமையை நிறுத்திக்கொண்டு, எங்களுக்கு அதைப்போல மூன்று மடங்கு எழுதுகிறீர்கள். ஜெர்மனியின் சிவில் சட்டம், 622-ஆம் பிரிவில், பணியாளருக்கான நோட்டீஸ் காலம் முதலாளிக்கானதைவிட நீளமாக இருக்கக் கூடாது என்றே சொல்லிவிட்டது.

ஒருவரை வலுக்கட்டாயமாக வேலை செய்ய வைக்க நம் நீதிமன்றங்கள் உத்தரவிடுவதில்லை. தனிப்பட்ட சேவைக்கான ஒப்பந்தத்தை அப்படி நிறைவேற்ற முடியாது என்பது 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் (Specific Relief Act). ஆனால் நீதிமன்றம் செய்யாததை ரிலீவிங் லெட்டர் செய்துவிடுகிறது. அது இல்லாவிட்டால் அடுத்த இடத்தில் பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான் எங்களை அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். 60 நாளோ 30 நாளோ, இரு தரப்புக்கும் ஒரே எண்ணை எழுதுங்கள். பணம் கட்டி முன்னதாகப் போகலாமா என்று முடிவு செய்யும் உரிமையை உங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் எங்களுக்கும் கொடுங்கள். இந்த விதியை ஆஃபர் லெட்டரிலேயே காட்டுங்கள். பல இடங்களில் இது சேரும் நாளன்று நீட்டப்படும் காகிதத்தில்தான் வருகிறது. பழைய வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பவர் அந்த நேரத்தில் என்ன பேரம் பேச முடியும்?

என் விஷயத்தில் மூன்று முறை போனில் பேசியபின், இரு தரப்புக்கும் 60 நாள் என்று திருத்தி அனுப்பினார்கள். அதற்கு நன்றி. பதினோரு வருட அனுபவமும், கையில் இன்னொரு ஆஃபரும் இருந்ததால் என்னால் கேட்க முடிந்தது. திண்டிவனத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ முதல் வேலைக்கு வரும் பிள்ளை ஏழாம் பக்கத்தைக் கேள்வி கேட்காது. என்னோடு அதே நாளில் சேருகிறவர்கள் பழைய ஃபார்மட்டில்தான் கையெழுத்துப் போடப் போகிறார்கள். அதை மாற்றுங்கள்.

இப்படிக்கு,
சோழிங்கநல்லூரிலிருந்து ஒரு டெஸ்டர்