‘படம்: இணையம்’ என்று போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், 1933-இல் சோவியத் ஒன்றியத்தில் இருந்த உக்ரைனின் பஞ்சத்தை நேரில் கண்டு எழுதிய வேல்ஸ் நாட்டுப் பத்திரிகையாளர் கேரெத் ஜோன்ஸ் பற்றி வந்த கட்டுரையை, இப்படியொரு மனிதரைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்த முன்வந்தீர்களே என்ற மகிழ்ச்சியோடுதான் படிக்கத் தொடங்கினேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்பியதும் அந்த மகிழ்ச்சி போய்விட்டது. எலும்பும் தோலுமாக நிற்கும் மூன்று குழந்தைகளின் படம்; அதன் கீழே, "1933: ஜோன்ஸின் கேமராவில் பதிவான உக்ரைன் பஞ்சம். படம்: இணையம்" என்று ஒரு வரி.

அது ஜோன்ஸ் எடுத்த படமன்று, 1933-இல் எடுத்ததும் அன்று. ரஷ்யாவின் வோல்கா ஆற்றுப் பகுதியில் நேர்ந்த 1921-22 பஞ்சத்தின்போது, நிவாரண நிதி திரட்டுவதற்காக நார்வே நாட்டு நான்சென் முதலானோர் ஐரோப்பாவெங்கும் பரப்பிய படங்களில் ஒன்று. அந்தக் குழந்தைகள் பட்ட பாடு உண்மை. ஆனால் அவர்களைப் பதினோரு ஆண்டு தள்ளிக் கொண்டுவந்து வேறொரு பஞ்சத்திற்குச் சாட்சியாக நிறுத்த நமக்கு உரிமையில்லை.

ஜோன்ஸ் விட்டுச்சென்றவை எங்கே இருக்கின்றன என்பது தாங்கள் அறியாததன்று. குறிப்பேடுகள், கடிதங்கள், பத்திரிகை நறுக்குகள், பயணப் படங்கள் எல்லாம் அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1933 மார்ச்சில் மாஸ்கோவில் ரயிலேறி, உக்ரைன் நகரமான கார்கிவ் போய்ச் சேருமுன்பே வழியில் இறங்கி, முதுகுப்பையில் ரொட்டியும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியுமாகத் தண்டவாளத்தை ஒட்டிக் கிராமம் கிராமமாக நடந்தாரே, அந்த நடைக்குச் சாட்சி அவருடைய சிறிய குறிப்பேடுகள்தாம். என் பேரன் கணினியில் பெரிதாக்கிக் காட்டிய பக்கங்களில் பென்சில் எழுத்து வரி தப்பி ஓடுகிறது. சில சொற்களை எவ்வளவு முயன்றும் என்னால் படிக்க முடியவில்லை. மார்ச் 29 அன்று பெர்லினில் அவர் வெளியிட்ட அறிக்கையில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ரயிலில் ஒரு கம்யூனிஸ்ட், பஞ்சமே இல்லை என்று மறுக்கிறார். ஜோன்ஸ் தாம் தின்றுகொண்டிருந்த ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து எச்சில் படிக்கத்துக்குள் எறிகிறார். உடன் வந்த விவசாயி அதைத் துழாவி எடுத்துத் தின்கிறார். ஆரஞ்சுத் தோலை எறிகிறார். அதையும் எடுத்துத் தின்கிறார். மறுத்துப் பேசியவர் அடங்கிவிடுகிறார். இதை எழுதி வைத்த மனிதருக்கு நாம் ஒரு பொய்ப்படத்தை இரவல் கொடுக்க வேண்டிய அவசியம் என்ன?

"அவர் கொண்டுவந்த படங்களே உலகத்தின் கண்ணைத் திறந்தன" என்றும் கட்டுரை முடிகிறது. கண் திறக்கவில்லை, ஐயா. இரண்டே நாளில், மார்ச் 31 அன்று, அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்க இதழியலின் புலிட்சர் பரிசு பெற்றிருந்த மாஸ்கோ நிருபர் வால்டர் டியூரன்டி, ரஷ்யர்கள் பசியோடிருக்கிறார்கள், பட்டினியால் சாகவில்லை என்று நியூயார்க் டைம்ஸில் எழுதி ஜோன்ஸை மறுத்தார். இருபது முப்பது தூதரகப் பிரதிநிதிகளிடமும் பேசித் தெரிந்துகொண்டதையே எழுதினேன் என்று ஜோன்ஸ் அனுப்பிய பதில், மே 13 அன்று அதே பத்திரிகையில் வெளிவந்தது. அது ஒரு கடிதமாகத்தான் வெளிவந்தது. தம் பக்க நியாயத்தைச் சொல்ல அந்த இளைஞருக்குக் கிடைத்தது இப்போது நான் எழுதுகிற ஆசிரியர் கடிதப் பகுதி என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. 1935 ஆகஸ்டு 12 அன்று, முப்பது வயது நிறைவதற்கு முதல் நாள், தம்மைக் கடத்திச் சென்றவர்களால் உள்மங்கோலியப் பகுதியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். குறிப்பேடுகளைக் குடும்பத்தார் பேரி நகரத்து வீட்டில் காத்து வைத்திருந்ததால்தான் 2009-இல், அவர் படித்த கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் அவற்றைக் காட்சிக்கு வைக்க முடிந்தது.

ஒரு படக்குறிப்புக்கு இவ்வளவு கோபமா என்று தாங்கள் கேட்கலாம். 1935-இல் அமெரிக்காவின் ஹெர்ஸ்ட் நிறுவனத்தின் பத்திரிகைகள் தாமஸ் வாக்கர் என்ற பெயரில் உக்ரைன் பஞ்சப் படங்கள் என்று பக்கம் பக்கமாக வெளியிட்டன. பல படங்கள் இதே 1921-22 பஞ்சத்துப் படங்கள். வாக்கர் உக்ரைனுக்குப் போகவே இல்லை என்பதை அவருடைய பயண நாட்களைக் கணக்கிட்டே அமெரிக்கப் பத்திரிகையாளர் லூயி ஃபிஷர் அம்பலப்படுத்தினார். பின்னாளில் பஞ்சமே கட்டுக்கதை என்று சாதிக்க வந்தவர்கள் அந்தப் போலிப் படங்களைத்தான் தூக்கிக் காட்டினார்கள். உண்மையான படங்கள் இல்லாமலும் இல்லை. கார்கிவில் வேலை பார்த்த ஆஸ்திரியப் பொறியாளர் அலெக்சாண்டர் வீனர்பெர்கர் 1933-இல் அந்நகரத் தெருக்களில் ஒளிவாக எடுத்த படங்கள், எடுத்தவர் பெயரோடு இன்றும் கிடைக்கின்றன. தேடியிருந்தால் அரை மணி நேரத்தில் அகப்பட்டிருக்கும்.

நான் ஒரு நாளிதழின் ஆவணப் பிரிவில் முப்பத்தோராண்டு வேலை பார்த்தவன். வந்து சேரும் ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும் என்பதால் மெல்லிய பென்சிலால், யார், எங்கே, எந்த நாள், எடுத்தவர் யார் என்று நான்கு வரி எழுதுவேன். நான் ஓய்வுபெற்ற பிறகு அவற்றைக் கணினியில் ஏற்றினார்கள். முன்பக்கத்தை மட்டுமே ஏற்றினார்கள். மூலப் படங்களை எடைக்குப் போட்டுவிட்டதாக உடன் வேலை பார்த்தவர் ஒருவர் சொன்னார். இப்போது அந்தப் படங்களை அங்கங்கே பார்க்கிறேன். நான் பெயர் எழுதி வைத்த மனிதர்கள் பெயரில்லாமல் நிற்கிறார்கள், கீழே ‘படம்: இணையம்’ என்று இருக்கிறது. இணையம் எந்தப் படத்தையும் எடுக்கவில்லை. ஒரு மனிதர், ஓரிடத்தில், ஒரு நாளில் நின்று எடுத்தார்.

இதைப் பற்றித் தங்களுக்கு நான் எழுதுவது மூன்றாவது முறை. முதல் இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. வேலை மிகுதியாக இருந்திருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். முப்பத்தைந்து ஆண்டுகளாக இந்த இதழைக் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு ஓர் அஞ்சலட்டை போட்டிருக்கலாம்.

நான் கேட்பது இரண்டு வரி. அந்தப் படம் ஜோன்ஸ் எடுத்ததன்று, அது 1921-22 பஞ்சத்தைச் சேர்ந்தது என்று அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். இதழின் மின்பதிப்பிலும் படக்குறிப்பை மாற்றச் சொல்லுங்கள். கட்டுரையைப் படியெடுத்து வைத்துக்கொள்ளும் மாணவர்கள் அதைத்தான் எடுத்து எழுதுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி