பாஸ்போட் வாங்கிப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் தம்பிமாருக்கும் நானாமாருக்கும் (அக்காமாரும் இரண்டொருவர் உண்டு, அவர்களுக்கும்),

வணக்கம், ஸலாம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். பஸ் நிலையத்துக்கு நடைதூரத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவன். மூதூர், கிண்ணியா, குச்சவெளி, புல்மோட்டை என்று நீங்கள் அனுப்பும் பிள்ளைகளுக்குப் பாஸ்போட், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் செட் போட்டுக் கொடுப்பது என் கைதான். உங்கள் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. எழுதாமலே விளங்கும்.

போன கார்த்திகையில் ஒரு பொடியன் வந்தான். நிலாவெளிப் பக்கம் ஹோட்டலில் வேலை செய்தவன். வாடை தொடங்கினால் வெள்ளைக்காரர் வரவு குறைந்துவிடும், “சீசனுக்கு வாங்க” என்று முதலாளி அனுப்பிவிடுவார். வள்ளங்களும் அப்போது கரையில்தான் கிடக்கும். நீங்கள் வீடு வீடாக ஏறி இறங்குவதும் அந்த மாதங்களில்தான், பல வருடமாகப் பார்த்து வருகிறேன். பொடியன் ஒரு தாளை நீட்டினான்.

“அண்ணே, டுபாய் பேர்மிட். கிழியாம இருக்க லெமினேட் பண்ணித் தாங்க.”

வாசித்தேன். சுற்றுலா விசா. 60 நாள்.

“இது வேலை பேர்மிட் இல்லையே தம்பி.”

“போய் இறங்கினதும் மாத்தித் தருவாங்களாம்.”

எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டேன். தொகையைச் சொல்லவில்லை. “உம்மாட காப்பு ரெண்டும் அடகில” என்றான், அவ்வளவுதான்.

மாற்றித் தருவார்கள் என்பது முழுப் பொய் இல்லை, அதுதான் வில்லங்கம். அங்கே போய் விசா மாறி, இன்று நல்ல சம்பளம் எடுக்கிற பிள்ளைகள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள். அந்த ஒருவரைக் காட்டித்தான் நீங்கள் பத்துப் பேரைச் சேர்க்கிறீர்கள். மாறாமல் போனவனுக்கு 61ஆம் நாள் என்ன நடக்கும் என்று நீங்கள் சொல்வதில்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போனவனுக்கு அந்தப் பதிவோடு வரும் காப்புறுதியும் இல்லை. டுபாய்க்கு, தாய்லாந்துக்கு என்று சொல்லி அழைத்துப்போகப்பட்ட இலங்கைப் பிள்ளைகள் மியன்மாரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடாரங்களுக்குள் அடைபட்டுக் கிடந்ததை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

இனி, நீங்கள் எந்த வீட்டிலும் சொல்லாத ஒரு விசயத்தைச் சொல்கிறேன்.

ஐக்கிய அரபு எமிரேட்ஸில் 2016ஆம் ஆண்டு தொடக்கம், வெளியிலிருந்து ஆள் எடுக்கும் முதலாளி அந்த நாட்டு மனிதவள அமைச்சின் படிவத்தில் ஒஃபர் லெட்டர் கொடுக்க வேண்டும். அரபியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமில்லை, தொழிலாளிக்கு விளங்கும் மூன்றாவது மொழியிலும் அது இருக்க வேண்டும். அந்த மொழிகளுக்குள் தமிழும் இருக்கிறது. ஆம், தமிழ். என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எத்தனை நாள் லீவு, எல்லாம் தமிழில். இந்த நாட்டிலேயே சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் தெரியுமா? பாலைவனத்து அமைச்சு நம் மொழியில் தாள் வைத்திருக்க, நம்மூர்க்காரரான நீங்கள் அதைக் கண்ணிலும் காட்டுவதில்லை.

காட்டினால் கட்டுப்படியாகாது என்பதும் எனக்குத் தெரியும். ஆளெடுக்கும் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும், தொழிலாளியிடம் நேராகவோ சுற்றியோ கறக்கக் கூடாது என்று அவர்களுடைய 2021ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் சொல்கிறது. தொழிலாளியின் பாஸ்போட்டை முதலாளி பிடித்து வைப்பதற்கும் அதே சட்டத்தில் தடை. நீங்களோ பிள்ளை விமானம் ஏறுவதற்கு மாதக்கணக்கில் முன்பே அதை வாங்கி மேசை லாச்சியில் பூட்டி வைக்கிறீர்கள்.

கட்டாரென்றால் கைரேகை, மருத்துவப் பரிசோதனை, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் கொழும்பிலுள்ள கட்டார் விசா நிலையத்திலேயே முடியும். கையெழுத்து வைக்குமுன் ஒப்பந்தத்தை வாசிக்கலாம். “அங்கே ஒண்டும் கேக்காதே, தலையை ஆட்டிட்டு வா” என்று சொல்லி அனுப்புகிறீர்களாம். கொரியா அதைவிட வேறு. 2004 முதல் நடக்கும் அந்த முறை இரண்டு அரசாங்கங்களுக்கு இடையிலானது. கொரிய மொழிப் பரீட்சை எழுத வேண்டும், இங்கே பணியகம் மட்டும்தான் அனுப்பலாம், இடையில் ஏஜென்டுக்கு வேலையே இல்லை. அப்படியிருக்க “கொரியாவுக்கு என்னிட்ட ஸ்பெஷல் கோட்டா இருக்கு” என்று யார் சொன்னாலும், அது உங்களில் யாராக இருந்தாலும், அது திருட்டு. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாமல் ஆள் சேர்க்க முடியாது. உங்களில் அநேகம் பேரிடம் அது இல்லை, கொழும்பு ஏஜென்சி ஒன்றின் விசிட்டிங் கார்ட்தான் இருக்கிறது. அந்தக் கார்டை அச்சடித்ததும் சில வேளை நான்தான்.

ஏனென்றால் நானும் சுத்தமில்லை. ஒரு நாளும் மேசனிடம் கையாளாகக்கூடப் போகாத பிள்ளைக்கு ‘ஐந்து வருட அனுபவம்’ என்று நீங்கள் சொல்லச் சொல்ல டைப் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று காசும் வாங்கினேன். தாளில் ஒரு பொய் என்ன செய்யும் என்று நினைத்த காலம். மூதூர் ரிசானாவை 17 வயதில், பாஸ்போட்டில் வயதைக் கூட்டித்தான் சவூதிக்கு அனுப்பினார்கள். 2013 ஜனவரி 9ஆம் திகதி அவளுக்கு அங்கே மரண தண்டனையை நிறைவேற்றினார்கள், அதை இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அன்றிலிருந்து வயதுத் தாள் எதையும் நான் தொடுவதில்லை. அனுபவத் தாளைக் கைவிட இன்னும் சில வருடம் எடுத்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தொழிலை விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கடலும் ஹோட்டலும் ஆறு மாதம் படுத்துக் கிடக்கும் ஊரில் பிள்ளைகள் போகத்தான் போவார்கள், யாரோ கூட்டிப்போகத்தான் வேண்டும். பாஸ்போட்டைக் கையில் வாங்குமுன் ஏஜென்சியின் லைசன்ஸ் இலக்கத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் அது உண்மையா என்று பணியகம் சொல்லும். காசு வாங்கினால் பற்றுச்சீட்டு கொடுங்கள். டுபாய் என்றால் தமிழ் ஒஃபர் லெட்டரைத் தாயும் தகப்பனும் இருக்கும்போது வாசித்துக் காட்டுங்கள். அது இல்லையென்றால், “இது வேலை பேர்மிட் இல்லை, சுற்றுலா விசா” என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அதன் பிறகும் போகிறவன் போகட்டும், தெரிந்துகொண்டு போவான்.

அந்தப் பொடியனுக்கு நான் லெமினேட் பண்ணிக் கொடுக்கவில்லை. அடுத்த கடையில் செய்துகொண்டு இரவு ரயிலுக்குப் போய்விட்டான். இதுவரை ஒரு கோலும் இல்லை என்று உம்மா வந்து சொல்லிவிட்டுப் போனார். அவனைச் சேர்த்தவர் இதை வாசித்தால், முதலில் அந்த வீட்டுக்குப் போகட்டும்.

தமிழ் ஒஃபர் லெட்டர் கொண்டு வரும் எவருக்கும் மூன்று கொப்பி காசில்லாமல் எடுத்துத் தருகிறேன். ஒன்று பிள்ளைக்கு, ஒன்று வீட்டுக்கு, ஒன்று உங்களுக்கு. ஞாயிறு மட்டும் கடை பூட்டு.

இப்படிக்கு,
போட்டோக்கொப்பிக் கடைக்காரன்,
திருகோணமலை.